மூன்றாவது மறுப்புக்கு முன்

எங்கள் தேவாலயத்தில் ஒலிவாங்கிகள் இரண்டு. ஒன்று மேலே பீடத்தில் இருக்கிறது, அது போதகருக்கு. மற்றது கீழே, இடப்பக்கத்து யன்னலோரம், பச்சைத் துணி விரித்த சின்ன மேசைக்கு முன்னால். அது சபைச் செயலாளருக்கு. பதினோரு வருடம் அதன் முன்னால் நின்றவன் நான். ஞாயிறுதோறும் காணிக்கைப் பாட்டு முடிந்ததும் எழுந்து, தொண்டையைச் செருமி, ‘அறிவித்தல்கள்’ என்று சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்துவேன். அந்த ஒரு கணத்துக்காகத்தான் வாரம் முழுவதும் உயிர் வாழ்ந்தேன். நான் கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞன். அங்கே நான் காலை வணக்கம் சொன்னால்கூட யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வீட்டில் நிலைமை அதைவிடக் கொஞ்சம் மோசம். நூறு பேர் தங்கள் வாயை மூடிக்கொண்டு என் வாயைப் பார்த்த இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

அப்போது கேட்டிருந்தால் இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். ‘ஏதோ நம்மால முடிஞ்ச சின்ன ஊழியம்’ என்று சொல்லித் தலையை வலப்பக்கம் சாய்த்திருப்பேன். சாய்ப்பதற்கும் ஓர் அளவு உண்டு. கூடுதலாகச் சாய்த்தால் கழுத்து சுளுக்கு என்று நினைத்துத் தைலம் கொண்டுவந்துவிடுவார்கள்.

எங்கள் சபையாருக்குத் தாழ்மை என்றால் உயிர். அதில் யார் முந்துவது என்று ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு ஓடுவார்கள். முன் வாங்கில் உட்கார்வது பெருமையாம், ஆகவே எல்லோரும் ஏழு மணிக்கே வந்து கடைசி வாங்குகளைப் பிடித்துக்கொள்வார்கள். பஸ் பிந்தி மூச்சு வாங்க ஓடிவருகிற அப்பாவிகள்தான் முன் வரிசையில் போய் அகங்காரிகளாக உட்கார வேண்டும். ஜெபிக்கச் சொன்னால் ‘மண்புழுவிலும் கேடான அடியேன்’ என்று தொடங்கி, அந்தப் புழு போன வாரம் யார் யாருக்கு என்னென்ன உதவி செய்தது என்று ஆண்டவருக்குப் பத்து நிமிடம் விபரம் சொல்வார்கள். நடுவில் தொங்குகிற மின்விசிறிக்குப் பக்கத்துத் தூணில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது: ‘பெயர் குறிப்பிட விரும்பாத அன்பர் ஒருவரின் அன்பளிப்பு.’ அந்த அன்பர் ஒவ்வொரு ஞாயிறும் விசிறிக்கு நேர் கீழேதான் உட்காருவார். புதிதாக யாராவது வந்தால் அவர்கள் பக்கம் குனிந்து, காற்று போதுமா என்று விசாரிப்பார். ஜனவரி மாதத்துக் கண்டிக் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு நாங்களும் போதும் போதும் என்போம்.

இதெல்லாம் சில்லறை. எங்கள் தாழ்மையின் பெருவிழா வருடாந்தப் பொதுக்கூட்டம். ஜனவரியில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு நடக்கும். ஒருவர் பெயரை ஒரு பதவிக்குப் பிரேரித்ததும் அவர் ‘சரி’ என்று சொல்லிவிடக்கூடாது. அப்படிச் சொன்ன ஒருவரை அந்தப் பதினோரு வருடத்தில் நான் கண்டதில்லை. அவர் எழுந்து, கைகளை முன்னால் கோத்து, ‘என்னைவிடத் தகுதியானவங்க இருக்காங்க’ என்று சொல்ல வேண்டும். இது முதலாவது மறுப்பு. சபை ‘இல்ல இல்ல, நீங்கதான்’ என்று முனகும். இரண்டாவது மறுப்புக்கு ஒரு காரணம் காட்ட வேண்டும். உடம்பு சரியில்லை, உத்தியோகத்தில் வேலை கூடிவிட்டது, மகளுக்குப் பரீட்சை, இப்படி ஏதாவது. சபை இன்னும் பலமாக முனகும். மூன்றாவது மறுப்பில் வார்த்தை கிடையாது. தலையைக் குனிந்து ஒரு பெருமூச்சு விட்டால் போதும். உடனே ஒரு பெரியவர் ‘கர்த்தருடைய சித்தம்’ என்பார். ஆள் தெரிவாகிவிட்டார். இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த சீடருக்குச் சேவல்தான் கூவியது. எங்களுக்குப் பதவியே கிடைத்துவிடும்.

இந்தக் கலையில் எங்களுக்கெல்லாம் ஆசான் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர். இருபது வருடமாக ஞாயிறு பாடசாலைப் பொறுப்பை மறுத்து மறுத்து வைத்துக்கொண்டிருப்பவர். இரண்டாவது மறுப்பில் அவருக்குக் கண்ணீரே வரும். இடது கண்ணில் மட்டும். வலது கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்திருந்தார்.

அந்த வருடம் எனக்கு ஒரு கவலை. பதினோரு வருடமாக ஒரே மறுப்பைச் சொல்லிச் சொல்லி அது தேய்ந்துவிட்டது. ‘ஒபிஸ்ல வேல கூட’ என்று நான் தொடங்கும்போதே பின்னால் சிலர் கொட்டாவி விடுவது கேட்டது. இந்த முறை சபை உருக வேண்டும் என்று தீர்மானித்தேன். கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் அறையில் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, நெஞ்சில் கைவைத்து, குரலைக் கொஞ்சம் உடைத்து, ‘டொக்டர் சொல்லிட்டாரு’ என்று பழகிக்கொண்டிருந்தேன். மனைவி துவைத்த துணியோடு உள்ளே வந்தாள். அலுமாரியைத் திறக்க வேண்டும், தள்ளுங்கள் என்றாள். தள்ளினேன். துணியை அடுக்கிவிட்டுத் திரும்பும்போது சொன்னாள்.

“கண்ணாடி பாத்துத் தாழ்மை பழகுற ஆள இன்னைக்குத்தான் பாக்கிறேன். அதுல தல முடியையும் கொஞ்சம் சீவிக்கங்க.”

நான் சீப்பை எடுத்தேன். தாழ்மையாகச் சீவிக்கொண்டேன்.

மறுநாள் நடந்ததைச் சொல்வதற்கு முன் போதகரைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று மாதத்துக்கு முன்தான் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிற ஆள். எங்கள் மூன்று மறுப்பு முறையைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சொன்னால் அது நடிப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இன்னொரு சங்கடம் நேரம். அதே கட்டிடத்தில் பத்து மணிக்குச் சிங்கள ஆராதனை. ஒன்பதே முக்காலுக்கு அவர்கள் குடையும் பைபிளுமாக விறாந்தையில் வந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அன்று அறிக்கைகள் வாசித்து முடியவே ஒன்பது நாற்பது.

முதல் பதவி செயலாளர். வழக்கம்போல் என் பெயரைப் பிரேரித்தார்கள். எழுந்தேன். என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள் என்றேன். சபை அழகாக முனகியது. நெஞ்சில் கைவைத்தேன்.

“பேராதனை கிளினிக்ல டொக்டர் கண்டிப்பா சொல்லிட்டாருங்க. பிரஷர் எங்கேயோ எகிறி நிக்குதாம். இனிமே டென்ஷன் ஆகவே கூடாதாம்.”

சொல்லும்போது என் குரல் உடைந்த அழகில் எனக்கே கண் கலங்கியது. தலையைக் குனிந்து பெருமூச்சுக்குக் காற்றை இழுத்தேன். நெஞ்சு நிறைய இழுத்தாயிற்று, விடுவதற்கு முன் போதகர் பேசினார்.

“ஓம் அண்ணை, விளங்குது. ஏலாது எண்டு சொல்லுற ஆளை நாங்கள் வற்புறுத்தக் கூடாது. பதினொரு வருசம் செய்தது காணும். நீங்கள் ஆறுதலா இருங்கோ.”

இழுத்த காற்று உள்ளேயே நின்றுவிட்டது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. சபையைப் பார்த்தேன். சபை என்னைப் பார்த்தது. இந்த இடத்தில் முனக வேண்டும் என்று யாருக்காவது தோன்றியிருக்கலாம், ஆனால் பிரஷர் எகிறி நிற்கிற மனுஷனை ‘இல்ல இல்ல, நீங்கதான்’ என்று சொல்லிக் கொல்லப்பார்த்த பழியை யார் சுமப்பது? கடைசி நம்பிக்கையாக அதிபரைப் பார்த்தேன். அவர் விறாந்தையில் நிற்கிற குடைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

உள்ளே எனக்கு என்ன நடந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். ‘பரவாயில்லைங்க ஐயா, பிரஷர் இப்பக் கொறஞ்சிடுச்சு’ என்று சொல்லலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஒரு நிமிடத்தில் குணமாகிவிட்டால் அதை அற்புதம் என்று சொல்லிச் சாட்சி கொடுக்கலாமா என்று அதைவிடக் கேவலமான இன்னொரு யோசனையும் வந்தது. முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பை இறக்கி வைக்க முடியாமல் மதியம் சாப்பிடும்வரை சுமந்து திரிந்தேன்.

வேறு யாரையாவது பிரேரிக்கிறீர்களா என்று போதகர் கேட்டார். யாரும் தயாராக வரவில்லை. பாடகர் வரிசையில் இருந்த ஓர் அம்மா, முன் வாங்கில் இருந்த ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். முப்பத்தைந்து வயதுக்காரி, மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள், நேரத்துக்கு வர முடியாததால் எப்போதும் முன் வாங்கில் உட்காருகிறவள். அவள் எழுந்து நின்றாள். கையைக் கோக்கவில்லை.

“சரிங்க ஐயா. செய்றேன்.”

உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான்.

ஆளை மணல் மூட்டையால் அடித்தது போல் சபை வாயடைத்துப் போயிற்று. எனக்குப் பக்கத்தில் இருந்த மின்விசிறி அன்பர் என் காதுக்குள், தலைக்கனத்தைப் பார்த்தீர்களா, ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லையே என்றார். நான் துக்கத்தோடு தலையாட்டினேன். உண்மையில் அப்போது என் துக்கம் வேறு. அவள் என்ன வேலை செய்கிறாள் என்பது எனக்கு அந்தக் கணத்தில்தான் ஞாபகம் வந்தது. பேராதனை ஆஸ்பத்திரியில் தாதி. நான் வாழ்நாளில் காலடி வைக்காத அதே கிளினிக்கில்.

மிச்சப் பதவிகள் ஐந்து நிமிடத்தில் முடிந்தன. என் கதியைக் கண்ட எல்லோருக்கும் உதறல். அதிபர் எழுந்து, என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள் ஆனாலும் கர்த்தருக்குச் சித்தமானால் செய்கிறேன் என்று மூச்சு விடாமல் ஒரே வசனத்தில் மூன்று மறுப்பையும் ஏற்பையும் சொல்லி உட்கார்ந்தார். கண்ணீருக்கு நேரமில்லை. கடைசியில் போதகர் என் சுகத்துக்காக விசேஷமாக ஒரு ஜெபம் செய்தார். சபை முழுவதும் என் பக்கம் கையை நீட்டியது. என் மனைவியும் நீட்டினாள். வீடு திரும்பும்போது கட்டுகஸ்தோட்டைக்குப் போகிற பஸ்ஸில் அவள் யன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

அந்த வாரமே நோய் விசாரிக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் சபையில் ஒருவர் நன்றாக இருந்தால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. படுத்துவிட்டார் என்று தெரிந்தால் வரிசையில் வருவார்கள். அப்பிள் வந்தது, கிறீம் கிறாக்கர் வந்தது, தம்பிலி இளநீர் குலையாக வந்தது. முருங்கைக்கீரை நல்லது என்றார் ஒருவர். அதுதான் கெடுதல், தன் மைத்துனர் அதைச் சாப்பிட்டுத்தான் போனார் என்றார் இன்னொருவர். மின்விசிறி அன்பர் அரைமணி நேரம் இருந்து, பதவி எல்லாம் மாயை என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, மாயையான அந்தப் பதவிக்குத் தன் பெயரை யாராவது சொல்லியிருக்கலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். நான் உப்பில்லாத கஞ்சி குடித்தேன். வருகிறவர்களுக்கு முன்னால் கறி சாப்பிட முடியாது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டாள்.

இரண்டாவது வாரத்துப் புதன்கிழமை பின்னேரம் வீட்டில் காஸ் முடிந்துவிட்டது. எங்கள் வீடு மேட்டில். ரோட்டிலிருந்து அறுபது படி. புது சிலிண்டரை வாங்கித் தோளில் ஏற்றி, பாட்டுப் பாடிக்கொண்டு படியேறினேன். முப்பதாவது படியில் மேலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். போதகரும் புதிய செயலாளரும். என்னைப் பார்க்க வந்து, வீட்டில் இல்லை என்று திரும்புகிறார்கள்.

எந்த முகத்தை எடுத்து மாட்டுவது என்று தெரியாமல் சிலிண்டரோடு நின்றேன். பாட்டு தானாக முனகலாக மாறியது. போதகர் ஓடிவந்தார்.

“என்ன அண்ணை இது? இந்த வருத்தத்தோட இதைத் தூக்கலாமோ? தாங்கோ இங்க.”

சொன்னதோடு நில்லாமல் சிலிண்டரை என் தோளிலிருந்து பிடுங்கித் தன் வெள்ளைச் சட்டைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினார். நான் பின்னால், மார்பைப் பிடித்துக்கொண்டு, ஐயோ ஐயா வேண்டாங்கய்யா என்று ஏறினேன். அவள் எனக்குப் பின்னால் வந்தாள். அவள் தோள்பையில் பிரஷர் பார்க்கும் மெஷின் இருந்ததை வீட்டுக்குள் போய்த்தான் கண்டேன்.

அவள் என் கையில் பட்டியைச் சுற்றினாள். காற்று ஏற ஏற, இப்போது என் பொய் நம்பரோடு வெளியே வரப்போகிறது என்று எனக்கு உயிர் போய் வந்தது. நெஞ்சு அடித்த அடியில் மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை ஆடுவது போல் தோன்றியது. மெஷின் கூவியது. அவள் நம்பரைப் படித்தாள். நூற்று எழுபத்திரண்டு.

போதகர் கவலையோடு உச்சுக் கொட்டினார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிரஷர் இருக்கிறது! உண்மையாகவே இருக்கிறது! நான் பொய்யன் இல்லை, நோயாளி! வீட்டுக்கூரையில் ஏறிக் கத்த வேண்டும் போல் இருந்தது. என் கோழைத்தனம் என்னைக் காப்பாற்றியது அதுதான் முதல் தடவை.

போதகர் அழுக்குப் பட்ட கையையும் சட்டையையும் கழுவப் பின்பக்கம் போனார். மனைவி தண்ணீர் ஊற்றப் போனாள். புதிய செயலாளர் பட்டியைக் கழற்றவில்லை. தோட்டத்து மழை, மடுல்கெல்ல பஸ் என்று ஏதோ சும்மா பேசிக்கொண்டே பத்து நிமிடம் கழித்து இன்னொரு தரம் காற்றை ஏற்றினாள். நூற்றுப் பதினெட்டு. மெஷினை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“மொதல்ல ஏறுனது பயத்துலண்ணே. பிரஷர் வருத்தம் ஒண்ணும் இல்ல. கிளினிக்ல உங்கள ஒரு நாளும் நான் கண்டதில்லையே.”

நான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். அவள் அதற்கு மேல் அதைப் பேசவில்லை. பையிலிருந்து அங்கத்தவர் பெயர்கள் எழுதிய இடாப்பை எடுத்தாள். இதில் யார் இருக்கிறார்கள், யார் ஊரை விட்டுப் போனார்கள், யார் செத்துப்போனார்கள் என்று விளங்கவில்லை, சொல்லித்தர முடியுமா என்று கேட்டாள். நான் பழக்கதோஷத்தில் தலையை வலப்பக்கம் சாய்த்து, நான் யாரம்மா சொல்லித்தருவதற்கு, என்னைவிட விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று தொடங்கினேன்.

“தெரியும்னா தெரியும்னு சொல்லுங்கண்ணே. தெரியாதுன்னா வேற ஆளக் கேக்கிறேன். எனக்கு அஞ்சே காலுக்கு பஸ்.”

“தெரியும்” என்றேன். இத்தனை வயதில் ஒரு சொல்லை இவ்வளவு சிரமப்பட்டுச் சொன்னதில்லை.

போதகர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இப்போது எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேட்டார். இப்போது நன்றாக இருக்கிறார் என்றாள். அது பொய்யுமில்லை, என்னைக் காட்டிக்கொடுத்ததுமில்லை. அவளிடம் பிடித்துத் தொங்க ஒரு பிழைகூட இல்லாதது எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அந்த ஆத்திரம் வருடம் முழுவதும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் என் ஒலிவாங்கியின் முன் நின்று, இரண்டே நிமிடத்தில் அறிவித்தல்களை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். செருமல் இல்லை, நிறுத்தம் இல்லை. நான் கால்மணி நேரம் எடுப்பேன். ஒரு திகதியையாவது மாற்றி வாசித்துவிடட்டும் என்று நான் கண்ணை மூடி ஜெபித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் நான் பக்தியில் இருப்பதாக நினைத்தார்கள். ஜெபம் கேட்கப்படவில்லை என்றதும் வேறு வழி பார்த்தேன். ஆராதனை முடிந்து தேத்தண்ணி கொடுக்கும் இடத்தில், போதகர் கடந்து போகிற வாசலுக்கு நேரே நின்று, சட்டைக் கையை மடித்துவிட்டு எச்சில் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினேன். பதினோரு வருடச் செயலாளர் கோப்பை கழுவுகிறாரே, ஐயோ என்று யாராவது பதறுவார்கள் என்று காத்திருந்தேன். முதல் வாரம் யாரும் பதறவில்லை. இரண்டாம் வாரமும் இல்லை. மூன்றாம் வாரம் அதிபர் வந்து, பேச்சை நிறுத்தாமலே, தன் கோப்பையையும் என் கையில் தந்துவிட்டுப் போனார். நாலாம் வாரம் எனக்குக் கைவலி.

அடுத்த ஜனவரி வந்தது. அதற்குள் போதகரின் குணம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மறுத்தால் போய்விடும். ஆகவே எங்கள் தாழ்மை ஒரே வருடத்தில் ஒழிந்தது. அந்தக் கூட்டத்தில் போதகர் ஞாயிறு பாடசாலைப் பொறுப்பு என்று சொல்லி, பெயரைக் கேட்க வாய் திறப்பதற்குள் அதிபர் துள்ளி எழுந்து ‘சரி’ என்றார். இன்னும் யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அரைகுறையாகத் தொங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்து இரக்கப்பட்டு யாரோ பிரேரித்தார்கள்.

போன வருடம் அதிலேயே நேரம் போய்விட்டது என்று செயலாளர் பதவியைக் கடைசிக்கு வைத்திருந்தார் போதகர். அவளையே திரும்பவும் பிரேரித்தார்கள். அவள் குறிப்புக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள்.

“இந்த வருஷம் முடியாதுங்க ஐயா. ஞாயித்துக்கிழமையிலயும் டியூட்டி போட்டுட்டாங்க.”

பழைய வழக்கத்தில் சபை ‘இல்ல இல்ல, நீங்கதான்’ என்று முனகியது. முடியாது என்றுதானே சொன்னேன் என்று அவள் சுற்றிலும் பார்த்துக் கேட்டாள். முனகல் பாதியில் அறுந்தது.

பதவி காலி. இதோ என் பெயர் வரப்போகிறது. ‘சரி’ என்ற சொல்லை நாக்கின் நுனியில் கொண்டுவந்து வைத்தேன். போதகர் என்னைப் பார்த்தார். பார்வையில் அவ்வளவு பரிவு.

“அண்ணையைத்தான் கேட்டிருப்பன். அந்த பிரஷரோட அவரைக் கரைச்சல்படுத்தக் கூடாது. வேற ஆர்?”

விறாந்தையில் குடைகள் சேர்ந்துவிட்டன. மின்விசிறி அன்பர் தன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்வது தெரிந்தது. இன்னும் அரை நிமிடத்தில் அவர் எழுந்துவிடுவார். அதன்பிறகு நான் சாகும்வரை நோயாளியாகவே ஆராதனைக்கு வரவேண்டும், சபை விருந்தில் எனக்கு மட்டும் உப்பில்லாமல் பரிமாறுவார்கள். மாத்திரை குடித்துக் குறைந்துவிட்டது என்று சொல்லலாம் என்றுதான் எழுந்தேன். சத்தியமாக அதுதான் என் திட்டம். ஆனால் எழுந்ததும் அவள் மேசையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பேனா கையில் இருந்தது, நான் சொல்வதை எழுதத் தயாராக. நூற்றுப் பதினெட்டு என்று அவளுக்குத் தெரியும்.

“எனக்கு பிரஷர் இல்லீங்க ஐயா” என்றேன்.

“மாறிட்டுதோ அண்ணை? ஸ்தோத்திரம்.”

“இருந்ததே இல்லீங்க. போன வருஷம் பொய் சொன்னேன். கெஞ்சுவீங்கன்னு நெனச்சேன். இந்த வேல எனக்கு வேணும். அப்பவும் வேணும், இப்பவும் வேணும்.”

என் கால் இரண்டும் ஆடின. எனக்கு முன்னால் இருந்த வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் எங்கேயோ ஓர் இருமல். அது என் மனைவியின் சிரிப்பு என்று எனக்குத் தெரியும். மின்விசிறி அன்பர் கழுத்துப்பட்டியில் வைத்த கையை எடுக்கவில்லை. இனி அவர் எழுந்தால் அவருக்கும் வேண்டும் என்றாகிவிடும். அதைவிட அவர் செத்துப்போவார்.

போதகர் என்னை நெடுநேரம் பார்த்தார். கோபமா, சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. போன வருடம் தன் சட்டையில் பட்ட சிலிண்டர் அழுக்கு அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“வேற ஆருக்கும் விருப்பமோ?” என்று கேட்டார். எவருக்கும் விருப்பமில்லை. இவ்வளவு ஆசைப்பட்ட ஒருவனிடம் சபைக் காரியத்தைக் கொடுக்கலாமா என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். விருப்பமில்லாத ஆளிடம் கொடுப்பதைவிடப் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கூட்டத்தை முடித்தார்.

சிங்கள ஆராதனைக்காரர்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள். அவள் குறிப்புக் கொப்பியை என் முன்னால் வைத்தாள். தனக்கு டியூட்டிக்கு நேரமாகிறது, கடைசிப் பதவி மட்டும் எழுத மிச்சம், இனி அது என் வேலைதான் என்றாள். பக்கத்தில் நின்ற போதகர், சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கோ அண்ணை, அடுத்த வருசக் கூட்டத்தில் வாசிக்க வேணும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இது எனக்கு அதுவரை உறைக்கவில்லை. ஒவ்வொரு கூட்டமும் போன கூட்டத்துக் குறிப்பை வாசித்துத்தான் தொடங்கும். வாசிப்பவர் செயலாளர். நான் ஆசைப்பட்ட அதே ஒலிவாங்கியில், நான் பொய்யன் என்று நானே வாசிக்க வேண்டும்.

பச்சைத் துணி மேசையில் உட்கார்ந்து எழுதினேன். நான் அலுவலகத்தில் இருபத்தைந்து வருடமாகப் பிழைகளை அழகான வசனத்தில் புதைத்துவைப்பவன். ‘முன்னாள் செயலாளர், சென்ற வருடம் தமது உடல்நிலை குறித்துத் தாம் கூறியது உண்மைக்குப் புறம்பானது என்பதை மிகுந்த தாழ்மையுடன் ஒப்புக்கொண்டார்.’ எழுதிவிட்டு ஒரு தரம் வாசித்துப் பார்த்தேன். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

அவள் தோள்பையை மாட்டிக்கொண்டு, போகிற போக்கில் குனிந்து பார்த்தாள்.

“இந்த ‘மிகுந்த தாழ்மையுடன்’ எதுக்குண்ணே?”

ஓர் எழுத்து நடைக்காக என்றேன்.

“வாங்கப் புடிச்சிக்கிட்டு நடுங்கிக்கிட்டுல்ல சொன்னீங்க.”

பேனாவை எடுத்து அந்த இரண்டு சொற்களையும் வெட்டினேன். போதாது என்பது போல் அவள் இன்னும் நின்றாள். ‘உண்மைக்குப் புறம்பானது’ என்பதையும் வெட்டி, மேலே ‘பொய்’ என்று எழுதினேன். சரிண்ணே, வாறேன் என்று சொல்லிவிட்டு அவள் பேராதனை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

வருகிற ஜனவரியில் அதை வாசிக்க வேண்டும். இப்போது ஞாயிறுதோறும் அறிவித்தல்களை நான்தான் வாசிக்கிறேன், பழையபடி செருமிக்கொண்டு, பழையபடி நிறுத்திக்கொண்டு. அந்த ஒரு வரியை மட்டும் எங்கும் நிறுத்தாமல், மூச்சு விடாமல், யாருக்கும் முழுதாக விளங்கிவிடாத வேகத்தில் ஓடிக் கடந்துவிட வேண்டும் என்று நேற்று அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிக்கொண்டிருந்தேன். மனைவி துணியோடு உள்ளே வந்தாள். தள்ளச் சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள்.

“கொஞ்சம் மெதுவா வாசிங்க” என்றாள். “நாங்க எல்லாம் கடைசி வாங்குல இருக்கோம்.”